பச்சை நூலில் எட்டு எழுத்து

என்னை வீட்டில் 'அகராதி' என்று கூப்பிடுவார்கள். பட்டப்பெயரை வைத்தது என் அண்ணன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை இங்கிலீஷ் டிக்டேஷனில் நான் ஒரு மதிப்பெண்கூட விட்டதில்லை. அதனால்தான் அந்தப் பெயர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்.

"அதனால இல்ல. நீ அகராதி புடிச்சவ, அதனாலதான்" என்பான் அண்ணன். அவன் கிடக்கிறான்.

இந்தக் கதையில் நான் ஒரு தப்பு செய்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்தால் உங்களுக்கு என்மேல் கோபம் வரும்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் அம்மாவின் எம்பிராய்டரி கடை. ஒரு தையல் மெஷின், ஒரு நீள மேஜை, சுவர் முழுக்க நூல்கண்டுகள். அம்மாவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பெயரோ வாசகமோ எதுவானாலும், வாடிக்கையாளர் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அந்தக் கையெழுத்தை அப்படியே துணியில் தைத்துக் கொடுப்பார் அம்மா. கோணல் என்றால் கோணலாகவே தைப்பார்.

"அழகான எழுத்து வேணும்னா கம்ப்யூட்டர் கடைக்குப் போகட்டும். இங்க வர்றவங்களுக்கு அவங்க எழுத்துதான்" என்பார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அதனால் ஒன்றும் குறையில்லை. மெல்லிய தாளில் எழுத்தைப் படியெடுப்பார். கோட்டின் மேலேயே ஊசியால் பொடிப்பொடியாகத் துளையிடுவார். தாளைத் துணிமேல் வைத்து நீலப் பொடியைத் தேய்த்தால், எழுத்து புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கிவிடும். அம்மாவுக்கு அது எழுத்து இல்லை, படம். இங்கிலீஷில் ஏதாவது வந்தால் சரிபார்க்கிற வேலை என்னுடையது.

திங்கள்கிழமை சாயங்காலம் ஒரு பஸ் டிரைவர் கடைக்கு வந்தார். டிரைவர் என்றதும் மீசையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர் ஒரு அக்கா. சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். ஒரு கையில் சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை. இன்னொரு கையில் ஆறு வயது மகள். அந்த வாண்டின் மூக்கு நுனியில் ஒரு பெரிய கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருந்தது.

"இந்தச் சால்வையில ஒரு வார்த்தை தைக்கணும். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள கிடைக்குமா? ஏழு மணி பஸ்ல வெளியூருக்குப் போறோம்" என்றார்.

"யாருக்குங்க?" என்று அம்மா கேட்டார்.

டிரைவர் அக்கா மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"இவளுக்கு மூணு வயசுல கண்ணுல புண்ணு வந்துச்சு. கருவிழி வெள்ளையாப் போயிடுச்சு. வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு மட்டும்தான் தெரியும். போன வருஷம் வேற ஒரு பொண்ணோட கருவிழியை எடுத்து இவளுக்கு வச்சாங்க."

"அந்தப் பொண்ணு?" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

"இல்ல கண்ணு. விபத்துல போயிட்டா. பதினாறு வயசு. அந்த நேரத்துலயும் அவங்கம்மா, 'கண்ணை யாருக்காவது குடுங்க'ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இப்பதான் எங்களைப் பார்க்கச் சம்மதிச்சாங்க. சனிக்கிழமை காலையில, ஆபரேஷன் பண்ணின அதே ஆஸ்பத்திரியில. ஒரே ஒரு தடவை பார்த்தாப் போதும்னு சொல்லிட்டாங்க."

வாண்டு சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்து, "ஒண்ணு... ஏழு... பதினேழு!" என்று சத்தமாகப் படித்தாள்.

"புதுசாப் படிக்கக் கத்துக்கிட்டா. கண்ணுல படுறதை எல்லாம் படிக்கிறா. மாவு மூட்டையைக்கூட விடுறதில்ல" என்று டிரைவர் அக்கா சிரித்தார்.

"என்ன வார்த்தை தைக்கணும்?" என்றார் அம்மா.

"நன்றின்னு. ஆனா இங்கிலீஷ்ல வேணும். அந்தம்மாவுக்கு நம்ம பாஷை தெரியாது. இங்கிலீஷ்னா பக்கத்துல இருக்கிற யாராவது படிச்சுச் சொல்லுவாங்க இல்ல?"

"தேங்க் யூன்னு போடலாம்க்கா" என்றேன்.

டிரைவர் அக்கா உதட்டைப் பிதுக்கினார். "தேங்க் யூவை நான் ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேக்குறேன் கண்ணு. நிறுத்தத்துல சரியா நிறுத்தினாலே சொல்லிட்டு இறங்கிடுறாங்க. இது அந்த மாதிரி இல்லையே. அதைவிடப் பெரிய வார்த்தை எதுவும் இருக்கா?"

பெரிய வார்த்தையா? அதற்குத்தானே நான் இருக்கிறேன்!

"இருக்குக்கா. கிரேட்ஃபுல்! தேங்க் யூ வாயால சொல்றது. இது மனசுக்குள்ள இருக்கிறது. 'வீ ஆர் கிரேட்ஃபுல்'னு எழுதினா, நாங்க நன்றியோட இருக்கோம்னு அர்த்தம். இன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவும்."

"எப்பவும்" என்று டிரைவர் அக்கா தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "அதேதான். அதையே எழுதிக்குடு, நான் பார்த்து எழுதுறேன்."

நான் ஒரு தாளை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன். அந்தக் கடைசி வார்த்தையை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். ஜி, ஆர், இ, ஏ, டி, எஃப், யு, எல்.

"கடைசியில ஒரே ஒரு எல்தான். நிறைய பேர் ரெண்டு போட்டுத் தப்புப் பண்ணுவாங்க" என்றேன். 'நிறைய பேர்' என்றபோது என் குரலில் கொஞ்சம் இளக்காரமே இருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

டிரைவர் அக்கா பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. மேஜைமேல் கவிழ்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக என்னுடையதைப் பார்த்து எழுதினார். மூன்று தாள்கள் வீணாயின. நான்காவது தாளில் எழுத்துகள் பஸ்ஸின் நெற்றிப் பலகையில் இருப்பதுபோல் பெரிதாக, தனித்தனியாக, இடைவெளி விட்டு நின்றன.

"அப்பாடா! இதுக்குச் சந்துக்குள்ள பஸ்ஸைத் திருப்பிடலாம் போல" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "கண்ணு, எதுக்கும் ஒரு தடவை புஸ்தகத்துல பார்த்துடுறியா? தப்பாயிடக் கூடாது" என்றார்.

அகராதி அலமாரியில் இருந்தது. நாலு எட்டு வைத்தால் போதும்.

"அக்கா, என் பேரே அகராதி!" என்றேன். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

நூலின் நிறத்தை வாண்டு தேர்ந்தெடுத்தாள். பழைய பழக்கம் போலிருக்கிறது, முதலில் கண்ணை மூடிக்கொண்டு எல்லா நூல்கண்டுகளையும் விரலால் தடவினாள். பிறகு கண்ணைத் திறந்தாள். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு நன்றாகப் பார்த்தாள்.

"இது. பச்சை. இலைப் பச்சை" என்றாள்.

டிரைவர் அக்கா தெருவைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே சால்வை தயாராகிவிட்டது. மேல் வரியில் 'வீ ஆர்' சின்னதாக இருந்தது. கீழ் வரியில் அந்தப் பெரிய வார்த்தை. சாம்பல் நிறக் கம்பளியில் பச்சை எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன. நான் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை ஆயிற்றே!

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இங்கிலீஷ். சார் எங்கள் கட்டுரை நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். 'எனக்கு உதவியவர்' என்று செவ்வாய்க்கிழமை பத்து வரி எழுதச் சொல்லியிருந்தார். நான் எங்கள் தெருத் தபால்காரரைப் பற்றி எழுதியிருந்தேன். புதிதாகக் கிடைத்த சந்தோஷத்தில் அந்தப் பெரிய வார்த்தையை அதிலும் போட்டிருந்தேன்.

நோட்டைத் திறந்தேன். அந்த வார்த்தையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

என் நோட்டில் சிவப்பு வட்டமா? சாருக்கு ஜலதோஷம், கண் கலங்கித் தப்பாகப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் மேஜைக்குப் போனேன்.

"சார், இது சரிதானே? ஒரு எல்தானே வரும்?"

"ஒரு எல்தான். அதுல தப்பில்ல" என்று சார் மூக்கை உறிஞ்சினார். "முன்னாடி பாரு. இ, ஏ, டி போட்டிருக்க. ஏ, டி, இ வரணும்."

"சார், கிரேட்னா பெருசு. மனசுல பெருசா நிறைஞ்சிருக்கிறதாலதானே அந்த வார்த்தை..."

"அப்படின்னு நீயா நினைச்சுக்கிட்ட." அவர் திட்டவில்லை. "பெருசுன்னு அர்த்தம் வர்ற வார்த்தைக்கும் இதுக்கும் சொந்தமே கிடையாது. காதுல கேட்டா ரெண்டும் ஒரே சத்தம். கண்ணாலதான் வித்தியாசம் தெரியும். பெரியவங்களே இதுல தடுக்கி விழுவாங்க. நீயே பார்த்துக்கோ."

அவர் மேஜையில் இருந்த அகராதியை என் பக்கம் தள்ளினார். நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நான் எழுதிய மாதிரி ஒரு வார்த்தை அதில் எங்குமே இல்லை. சார் சொன்ன மாதிரிதான் இருந்தது.

ஒரு மதிப்பெண் போனது பெரிதாகத் தெரியவில்லை. சாம்பல் நிறச் சால்வையும் அதில் புடைத்து நின்ற பச்சை எழுத்துகளும் கண்முன்னால் வந்தன.

பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு நடந்தபோது என் மூளை திருட்டுத்தனமாக வேலை செய்தது. யாருக்குத் தெரியப்போகிறது? அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. டிரைவர் அக்காவுக்கும் தெரியாது. ஏழு மணிக்கு பஸ் கிளம்பிவிடும். அதன்பிறகு அந்தச் சால்வையை நான் வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை. எழுத்துகள் எல்லாம் அதே எழுத்துகள்தானே, கொஞ்சம் முன்னே பின்னே நிற்கின்றன, அவ்வளவுதானே?

தெருமுனையில் ஒரு கடைப் பலகை இருந்தது. அதைப் பார்த்ததும் வாண்டின் ஞாபகம் வந்தது. அவள் கண்ணில் படுவதை எல்லாம் படிக்கிறவள். நாளைக்கு அந்தச் சால்வையையும் படிப்பாள். அந்தப் பதினாறு வயது அக்காவின் கண்ணால், நான் செய்த தப்பைப் படிப்பாள். அதுவும் அந்த அக்காவின் அம்மாவுக்கு முன்னால்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மிச்சத் தூரத்தை ஓடியே கடந்தேன்.

கடைக்குள் நுழைந்தபோது அம்மா சால்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, மடிக்காத. அது தப்பு."

"எது தப்பு?"

"வார்த்தை. நான் எழுதிக் குடுத்தது தப்பு. மூணு எழுத்து இடம் மாறி நிக்குது."

அம்மாவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலேகால்.

"அன்னிக்கு அந்தம்மா புஸ்தகத்துல பார்க்கச் சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"நீ பார்த்தியா?"

"இல்ல."

"படிச்ச பொண்ணுன்னு நம்பித்தானே நானும் ஊசியைப் புடிச்சேன்! நான் படிச்சிருந்தா உன்னை எதுக்குக் கேக்கப்போறேன்?" அம்மாவின் குரல் உயர்ந்தது. கடைசிச் சொல்லில் உடைந்தும் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அம்மா சால்வையை மறுபடியும் மேஜைமேல் விரித்தார். "எந்த மூணு?"

காட்டினேன். அம்மா அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பிரிச்சுடலாம். கம்பளி மன்னிச்சிடும், பட்டுதான் மன்னிக்காது. ஆவி காட்டினா ஓட்டையெல்லாம் மூடிக்கும். ஆனா திருப்பி எதைப் பார்த்துத் தைக்கிறது? அவங்க கையெழுத்து வேணுமே. அஞ்சரை மணி வரைக்கும் அவங்க வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. வந்து எழுதிக் குடுத்து, நான் தைச்சு... நேரம் ஏது?"

"நீயே எழுதிடேன்மா?"

"நம்ம கடையில அப்படிப் பண்ணதில்ல" என்றார் அம்மா. "அதுவும் இதுலயா?"

நான் சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இ, ஏ, டி. ஏ, டி, இ. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் வரிசை தப்பி நின்றால் பி.டி. சார் என்ன செய்வார்? புதுப் பிள்ளைகளையா கூட்டிவருவார்? இருக்கிறவர்களைத்தானே மாற்றி நிறுத்துவார்?

"அம்மா! ஊசி குத்தின தாள் எங்க?"

"அந்தப் பெட்டியில. எதுக்கு?"

"வேண்டிய எழுத்து எல்லாமே அதுல இருக்கும்மா! அதே மூணு எழுத்துதான். அவங்களே எழுதினது. வெட்டி, இடம் மாத்தி ஒட்டினாப் போதும். புதுசா ஒரு கோடுகூடப் போட வேணாம்."

அம்மா கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"முதல்ல புஸ்தகத்தை எடுத்துட்டு வா. திறந்து என் முன்னாடி வை."

அகராதியை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து, மேல் ஓரத்தில் கத்தரி உறையைப் பாரமாக வைத்தேன். தாளில் இருந்து மூன்று எழுத்துகளையும் வெட்டினேன். ஏ முதலில், அடுத்து டி, கடைசியில் இ. மூன்றும் ஒரே அகலம். டிரைவர் அக்கா எல்லா எழுத்தையும் பஸ் பலகை மாதிரி எழுதியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! புத்தகத்தில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். அம்மாவும் தன் பங்குக்கு, படத்தோடு படத்தை ஒத்துப் பார்க்கிற மாதிரி, தாளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பிரிக்கிற வேலையை அம்மா எனக்கே கொடுத்தார். சால்வையைத் திருப்பி, அடி நூலைச் சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். கம்பளியில் கத்தி பட்டால் எல்லாம் போச்சு. பிறகு முன்பக்கம் திருப்பி, மேல் நூலை இடுக்கியால் பிடுங்க வேண்டும். தைக்கக் கால்மணி நேரம் ஆனதைப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆனது. என் கழுத்து வலித்தது. கண் எரிந்தது. மடியெல்லாம் பச்சைப் பஞ்சாக நூல் சேர்ந்தது. ஒரு வார்த்தையைப் பார்க்க நாலு எட்டு நடக்காமல் இருந்ததற்கு எவ்வளவு வேலை பாருங்கள்.

அண்ணன் உள்ளே வந்தான். திறந்து கிடந்த அகராதியையும் என் முகத்தையும் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் உள்ளே போய்விட்டான். சற்று நேரத்தில் இஸ்திரிப்பெட்டியில் தண்ணீர் ஊற்றி, சூடு ஏற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அவன் அவ்வளவு மோசமில்லை.

அம்மா கம்பளிமேல் ஆவியைக் காட்டி, விரலால் நீவிவிட்டார். ஊசி ஓட்டைகள் மெல்ல மெல்ல மூடிக்கொண்டன. தாளை வைத்து நீலப் பொடியைத் தேய்த்தார். பிறகு மெஷின் ஓடத் தொடங்கியது. ஏ, டி, இ. கடைசி நூலை அறுத்தபோது மணி ஐந்தே முக்கால்.

முன்பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கம் மட்டும், அந்த மூன்று எழுத்துகளின் இடத்தில் கம்பளி கொஞ்சம் மொசுமொசுவென்று இருந்தது.

"சொல்லித்தான் ஆகணுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். "இப்பதான் சரியாயிடுச்சே."

"அது அவங்க கையெழுத்து. அவங்களைக் கேக்காம மாத்தியிருக்கோம்" என்றார் அம்மா. "நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன்."

ஆறு மணிக்கு டிரைவர் அக்கா வந்தார். இன்று சீருடை இல்லை. வாண்டுக்குப் புதுச்சட்டை, இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. சால்வையை விரித்துக் காட்டியதும் டிரைவர் அக்காவின் முகம் மலர்ந்தது.

"என் எழுத்தா இது? இவ்வளவு நல்லாவா இருக்கு?"

இதற்குமேல் தள்ளிப்போட்டால் சொல்லவே முடியாது.

"அக்கா, இது நீங்க எழுதின மாதிரி இல்ல. நான் உங்களுக்குத் தப்பா எழுதிக் குடுத்துட்டேன். மூணு எழுத்து இடம் மாறி இருந்துச்சு. நீங்க புஸ்தகத்துல பார்க்கச் சொன்னீங்க, நான் பார்க்கல. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பிரிச்சு மாத்தித் தைச்சோம். எழுத்து எல்லாம் உங்களோடதுதான். வரிசை மட்டும் மாத்திட்டோம். இங்க பாருங்க."

பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். வெட்டி ஒட்டிய தாளையும் காட்டினேன்.

டிரைவர் அக்கா தாளையும் சால்வையையும் பார்த்தார். திறந்திருந்த அகராதியையும் பார்த்தார். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

"எங்க டிப்போவுல ஒரு நோட்டு இருக்கு" என்றார் கடைசியில். "வண்டியில என்ன கோளாறுன்னாலும் ஓட்டினவங்களே அதுல எழுதி வைக்கணும். பிரேக் சரியில்ல, கதவு மூடலன்னு. சில பேர் எழுத மாட்டாங்க. எழுதினா நம்ம மேல பழி வந்துடுமோன்னு பயம். அடுத்தாப்ல ஓட்டுறவங்கதான் மாட்டிப்பாங்க." என் கன்னத்தைத் தட்டினார். "நீ வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே எழுதிட்ட. எனக்கு அது போதும்."

"இப்போ சரியா இருக்குக்கா. மூணு தடவை பார்த்துட்டேன்."

"நாலாவது தடவையும் பாரு" என்றார். பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

சால்வையை மடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தோம். "இன்னிக்கு நான் பின் சீட்டுல உட்கார்ந்து போறேன். வழியெல்லாம் என் கால் பிரேக்கைத் தேடப்போகுது" என்று சொல்லிக்கொண்டே வாண்டின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். சிரிக்க முயன்றார். ஆனால் அவர் உதடு துடித்தது.

அடுத்த புதன்கிழமை இருவரும் மறுபடியும் கடைக்கு வந்தார்கள். நான் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"குடுத்தீங்களாக்கா? படிச்சாங்களா?"

"அந்தம்மாவுக்கு இங்கிலீஷும் தெரியாது கண்ணு" என்றார் டிரைவர் அக்கா.

அப்படியானால் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காதா?

"சால்வையை மடியில விரிச்சு வச்சுக்கிட்டாங்க. எழுத்தைத் தடவிப் பார்த்தாங்க. என்ன எழுதியிருக்குன்னு கையைக் காட்டிக் கேட்டாங்க. நர்ஸ் சொல்ல வர்றதுக்குள்ள இவ முந்திக்கிட்டா. போய் அவங்க முட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுப் படிச்சா. ஜி, ஆர், ஏ, டி, இ... கடைசி வரைக்கும் படிச்சா. அப்புறம் நர்ஸ் அவங்க பாஷையில அர்த்தம் சொன்னாங்க."

"அழுதாங்களா?" என்று அம்மா கேட்டார்.

"இல்ல. திரும்பப் படின்னு சைகை காட்டினாங்க. படிச்சா. மறுபடியும் படின்னாங்க. மறுபடியும் படிச்சா. பதினாலு தடவை!"

"பதினாலா?" என்றேன். "எட்டு எழுத்தைக் கத்துக்கவா?"

டிரைவர் அக்கா தலையசைத்தார். "நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம்தான் கவனிச்சேன். அவங்க எழுத்தைப் பார்க்கவே இல்ல. இவ படிக்கும்போது இவ கண்ணு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகுது பாரு, அதைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. கண்ணாடியைக் கழட்டச் சொல்லிப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு, பார்த்துக்கிட்டே இருந்தாங்க. கிளம்பும்போது, அடுத்த வருஷமும் கூட்டிட்டு வான்னு நர்ஸ் மூலமாச் சொல்லி அனுப்பினாங்க."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை. வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டேன். பதினாலு தடவையும் அவள் சரியாகப் படித்திருக்கிறாள். எனக்கு அது போதும்.

வாண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, அந்த வார்த்தை எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. அடுத்த தடவைக்கு வேற வார்த்தை சொல்லிக்குடு. பெருசா!"

"இரு, அகராதியைப் பார்த்துச் சொல்றேன்."

"நீதானே அகராதி?"

"யார் சொன்னா? அகராதி அலமாரியில இருக்கு."

நாலு எட்டு நடந்துபோய் அதை எடுத்துவந்தேன். வாண்டு அதைத் தரையில் வைத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, விரலை முதல் வரியில் வைத்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.

என்ன வார்த்தை என்று கேட்காதீர்கள். நானும் எழுத்தைப் பார்க்கவில்லை.